ஆபீஸ் லேப்டாப்பும் சொந்த போனும்: எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது எப்படி நடக்கிறது?

பெங்களூருவில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பலருக்கு ஒரு மெயில் வரும். ஆபீஸ் மெயிலும் டீம்ஸும் உங்கள் சொந்த போனில் வேண்டுமென்றால், இந்த ஆப்பைப் போட்டு போனைக் கம்பெனியில் பதிவு செய்யுங்கள் என்று அதில் இருக்கும். பதிவின் நடுவில் ஓர் எச்சரிக்கைத் திரை வரும்: இந்தக் கருவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கும், தேவைப்பட்டால் அதிலுள்ள தரவை அழிக்கும். ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் அதைப் படிக்காமலேயே ‘சரி’ என்று அழுத்திவிடுகிறார்கள். சிலருக்குப் பயம் வந்துவிடும். ஐ.டி. டீமில் இருக்கும் தமிழ்க்காரரைத் தேடிப் பிடித்து, “அண்ணா, இதைப் போட்டா என் வாட்ஸ்அப்பை அவங்க படிப்பாங்களா? வீட்டு போட்டோ எல்லாம் தெரியுமா?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்தத் திரைக்குப் பின்னால் நடப்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

கம்பெனியின் லேப்டாப், போன், டேப்லெட், கிடங்கில் பார்கோடு படிக்கும் கைக்கருவி, இவற்றில் ஓடும் ஆப்கள் என எல்லாவற்றையும் ஒரே தளத்திலிருந்து அமைக்கவும், கண்காணிக்கவும், பூட்டவும், அழிக்கவும் முடிகிற ஏற்பாட்டை யூ.இ.எம். (யூனிஃபைட் எண்ட்பாயின்ட் மேனேஜ்மென்ட்) என்கிறார்கள். விற்க வருபவர்கள் ‘எல்லாம் ஒரே திரையில்’ என்பதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். திரை ஒன்றா ஐந்தா என்பது என் பார்வையில் சின்ன விஷயம். எந்தக் கருவி யாரிடம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று எப்போது கேட்டாலும் நம்பகமான ஒரே பதில் கிடைப்பதுதான் இதன் உண்மையான பலன். அத்தனை அதிகாரமும் ஒரே இடத்தில் குவிந்துவிடுவதுதான் இதன் ஆபத்து. நிறுவனங்கள் பலனுக்குப் பணம் கொடுக்கின்றன, ஆபத்தைப் பற்றி யோசிப்பது குறைவு. ஊழியருக்கோ இரண்டையுமே யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

தனித்தனியாக இருந்தவை

தொண்ணூறுகளில் ஆபீஸ் கம்ப்யூட்டர் மேசையை விட்டு நகராது. மைக்ரோசாஃப்ட் 1994-ல் கொண்டுவந்த சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர், ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் இருந்த கம்ப்யூட்டர்களைக் கணக்கெடுத்து, அவற்றில் சாஃப்ட்வேரை நிறுவிக் கொடுத்தது. போனுக்கு வேறு வழி இருந்தது: பிளாக்பெரிக்கென்று 1999-ல் வந்த எண்டர்பிரைஸ் சர்வர். இரண்டையும் இரண்டு டீம்கள் பார்த்துக்கொண்டன. 2007-ல் ஐபோன் வந்த பிறகு மேலதிகாரிகளே அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் மெயில் கேட்டார்கள், ஐ.டி. துறையால் மறுக்க முடியவில்லை. 2010-ல் ஐ.ஓ.எஸ். 4-உடன் ஆப்பிள், கம்பெனியின் சர்வர் ஐபோனுக்குக் கட்டளையிட முறையான ஒரு வழியைத் திறந்துவிட்டது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு 2.2-ம் தன் பங்குக்கு ஒன்றைக் கொடுத்தது. பிறகு விண்டோஸும் போன்களைப் போலவே இணையம் வழியாகக் கட்டளை வாங்கும் முறைக்கு வந்தது. விண்டோஸ் 10-ல் அது நன்றாக வளர்ந்தது. போனும் லேப்டாப்பும் ஒரே விதமாகப் பேசத் தொடங்கியதால்தான் இரண்டையும் ஒரே தளத்தில் வைக்க முடிந்தது.

இந்த ஊரில் அதன் அவசியத்தைக் காட்டியது 2020 மார்ச். மான்யதா டெக் பார்க்கும் அவுட்டர் ரிங் ரோட்டும் காலியாயின. பல நிறுவனங்கள் டெஸ்க்டாப்களையே வண்டியில் ஏற்றி ஊழியர்களின் வீடுகளுக்கு அனுப்பின. நம்மவர்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சேலத்துக்கும் தர்மபுரிக்கும் மதுரைக்கும் போய்விட்டார்கள். பழைய கருவிகளோ கம்ப்யூட்டர் ஆபீஸ் நெட்வொர்க்கில் இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டவை. வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைய வைக்கும் வி.பி.என். இணைப்பைப் போட்டால்தான் அவை லேப்டாப்பைப் பார்க்கும். வி.பி.என். போடாமல் மெயில் மட்டும் பார்ப்பவரின் லேப்டாப்புக்கு மாதக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் போய்ச் சேராது. இணையம் இருந்தால் போதும், எங்கிருந்தாலும் வந்து சேரும் என்ற முறைக்கு நிறுவனங்கள் வேகமாக மாறியது அப்போதுதான்.

இன்று சந்தையில் மைக்ரோசாஃப்ட் இன்டியூன், ஒர்க்ஸ்பேஸ் ஒன், ஆப்பிள் கருவிகளுக்கென்றே இருக்கும் ஜாம்ஃப் ஆகியவை பரவலாகத் தெரிந்த பெயர்கள். நமக்குப் பக்கத்திலும் இருக்கிறார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் எண்ட்பாயின்ட் சென்ட்ரல் ஒன்று. பெங்களூருவிலேயே 2009-ல் தொடங்கிய 42கியர்ஸின் ஷூர்எம்.டி.எம். இன்னொன்று. தேர்ந்தெடுக்கும்போது வசதிப் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது. ஒர்க்ஸ்பேஸ் ஒன் தளத்தின் மூலமான ஏர்வாட்சை 2014-ல் வி.எம்.வேர் வாங்கியது. 2023-ல் அந்த வி.எம்.வேரையே பிராட்காம் வாங்கியது. 2024-ல் இந்தப் பிரிவு கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனத்திடம் போய் ஆம்னிசா என்ற பெயரில் தனியானது. பத்தாண்டுகளில் இத்தனை கைமாறல். ஆயிரக்கணக்கான கருவிகளை ஒரு தளத்தில் கட்டிப்போட்ட பிறகு வேறொன்றுக்கு மாறுவது மாதக்கணக்கில் ஆகும் வேலை. வெளியேறும் வழியையும் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

தொலைந்த போனுக்கு ஒரு கட்டளை

சில்க் போர்டில் பஸ் ஏறும் நெரிசலில் ஒருவரின் போன் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆபீஸ் மெயில் இருக்கிறது. அவர் நண்பரின் போனிலிருந்து ஐ.டி. உதவி எண்ணை அழைக்கிறார். அட்மின் தளத்தைத் திறந்து, அவர் பெயரில் பதிவான போனைத் தேர்ந்தெடுத்து, போனிலுள்ளதை அழிக்கும் ‘வைப்’ (wipe) பொத்தானை அழுத்துகிறார்.

அந்தக் கட்டளை நேராக போனுக்குப் போவதில்லை. ஐபோன் என்றால் ஆப்பிளின் புஷ் சர்வர் வழியாகவும், ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் சேவை வழியாகவும் போனுக்கு ஒரு சிறு தட்டல் போகிறது. ஐபோனுக்குப் போகும் தட்டலில் ‘அழி’ என்ற கட்டளையே இருக்காது, எழுந்து வந்து பார் என்பதோடு சரி. விழித்த போன், பாதுகாக்கப்பட்ட இணைப்பில் கம்பெனியின் தளத்தைத் தானே தொடர்புகொண்டு, எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்கிறது. வரிசையில் காத்திருந்த அழிப்புக் கட்டளையை அப்போதுதான் வாங்கி நிறைவேற்றுகிறது. நடுவில் இருக்கும் ஆப்பிளுக்குக் கம்பெனி என்ன கட்டளையிட்டது என்று தெரியாது.

இதிலிருந்து முக்கியமான ஒரு விஷயம் விளங்கும். திருடியவர் சிம்மைக் கழற்றிவிட்டு வைஃபையும் இல்லாமல் வைத்திருந்தால், அந்தத் தட்டல் போய்ச் சேராது. தளத்தில் ‘நிலுவையில்’ என்று மட்டும் காட்டும், அது வாரக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். ஆகவே, தொலைந்த பிறகு அழிப்பதை நம்பிப் பாதுகாப்பைக் கட்டக்கூடாது. சேர்ந்த அன்றே போனில் நல்ல பின் நம்பரைக் கட்டாயமாக்கியதும், லேப்டாப்பின் டிஸ்க்கை விண்டோஸின் பிட்லாக்கரிலோ மேக்கின் ஃபைல்வால்ட்டிலோ சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து அதன் மீட்புச் சாவியைத் தளத்தில் சேமித்து வைத்ததும்தான் தரவைக் காப்பாற்றுகின்றன. முதல் நாளில் சத்தமில்லாமல் அமைந்த பாலிசிதான் இந்தத் தளங்கள் செய்யும் மிகப் பயனுள்ள வேலை என்பேன்.

ஆப்பிளின் தட்டல் வேலை செய்ய, கம்பெனியிடம் ஒரு புஷ் சான்றிதழ் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதுவும் முதலில் வாங்கிய அதே ஆப்பிள் கணக்கிலிருந்து. சின்ன கம்பெனியில் யாரோ ஒரு அட்மின் தன் சொந்தக் கணக்கில் அதை வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டால், அடுத்த ஆண்டு எல்லா ஐபோன்களையும் கையில் வாங்கி மறுபடியும் பதிவு செய்யும் நிலை வரும். அதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியது, கம்பெனியின் பொது மெயில் முகவரியில் கணக்குத் தொடங்கி, காலாவதி நாளை இரண்டு பேரின் காலண்டரில் போட்டு வைப்பது மட்டுமே.

தட்டல் இல்லாத நேரத்திலும் கருவிகள் இடைவெளி விட்டுத் தளத்தோடு பேசிக்கொண்டே இருக்கும். இன்டியூனில் வழக்கமான இடைவெளி சுமார் 8 மணி நேரம். டிஸ்க் குறியாக்கத்தில் இருக்கிறதா, திருத்தங்கள் போட்டாயிற்றா, பின் நம்பர் இருக்கிறதா என்று சரிபார்த்து, விதிக்கு உட்பட்டிருக்கிறது அல்லது இல்லை என்று குறித்துக்கொள்ளும். உட்படாத லேப்டாப்பிலிருந்து மெயிலைத் திறந்தால் உள்ளே விடாது. “நேத்து வரைக்கும் மெயில் வந்துச்சு, இன்னைக்கு வரலை” என்று ஐ.டி.க்கு வரும் டிக்கெட்டுகளில் கணிசமானவற்றுக்குக் காரணம் இதுதான். அப்டேட்டைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்டேட் என்றால் எரிச்சல்படுகிறவர்கள் 2017-ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு மே 12 அன்று பரவிய வான்னாகிரை என்ற தீய மென்பொருள், சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. திருத்தம் வந்து கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகியும் போடாமல் கிடந்த மெஷின்கள் எத்தனை, எங்கே என்று பல நிறுவனங்களிடம் கணக்கே இல்லை. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோதும் இதே கணக்குதான் தேவைப்பட்டது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய லேப்டாப்புகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. மாற்ற வேண்டியவை எத்தனை என்று எக்ஸெல் ஷீட்டில் தேடியவர்களுக்கும், தளத்தில் ஒரு வடிகட்டியைப் போட்டு எடுத்தவர்களுக்கும் செலவிலும் நேரத்திலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்கும்.

வேலையை விட்டுப் போகும் நாள்

கருவியைப் பூட்டுவது பாதி வேலைதான். மீதி, ஆப்களில் இருக்கிறது.

ஒருவர் வெள்ளிக்கிழமையோடு வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறார். ஹெச்.ஆர். அவரை வெளியேறியவர் என்று குறித்ததும் ஆபீஸ் கணக்கு முடங்கும், லேப்டாப் பூட்டிக்கொள்ளும், போனில் இருந்த ஆபீஸ் தரவு மட்டும் நீங்கும். ஒரே நுழைவுக் கணக்கின் கீழ் வரும் ஆப்கள் எல்லாம் அதோடு அடைபடும். ஆனால், அவருடைய டீம் யாரையும் கேட்காமல் கிரெடிட் கார்டில் சந்தா கட்டி வாங்கிய டிசைன் ஆப்போ, தனி பாஸ்வேர்டு போட்டு எல்லோரும் பகிர்ந்துகொண்ட பரிசோதனைத் தளமோ இந்த வலையில் வராது. அவர் வீட்டிலிருந்தே ஆறு மாதம் கழித்தும் உள்ளே போகலாம். பெரும்பாலும் போகமாட்டார், மறந்தேபோயிருப்பார். அந்தப் பழைய பாஸ்வேர்டு வேறெங்காவது கசிந்தால், நுழைவது அவராக இருக்காது. ஆகவே, ஒரு புது ஆப்பை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கம்பெனியின் ஒரே நுழைவுக் கணக்கோடு அது இணையுமா என்பது. விலையை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ ஐம்பது, அறுபது பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்கள், இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் சந்தா கட்டுபவர்களுக்கு இன்டியூன் அதிலேயே அடக்கம். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்களுக்கு அடிப்படை போன் நிர்வாகம் கூடவே வருகிறது. ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கும் வசதியை ஒரு நாள் உட்கார்ந்து அமைத்தால் போதும். கிடங்கில் ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் அதைக் கியோஸ்க் முறையில் பூட்டி, வேலைக்கான ஒரே ஆப் மட்டும் திறக்கும்படி செய்துவிடலாம். ஷிஃப்ட் மாறும்போது கருவி கைமாறினாலும் குழப்பம் வராது.

ஒரே இடத்தில் குவியும் அதிகாரம்

2024 ஆகஸ்ட் 4. சிங்கப்பூரில் பள்ளி மாணவர்களின் ஐபேட்களையும் குரோம்புக்குகளையும் நிர்வகித்துவந்த மொபைல் கார்டியன் என்ற தளத்துக்குள் யாரோ புகுந்தார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கருவிகள் தொலைவிலிருந்து அழிக்கப்பட்டன. பாடக்குறிப்புகளை வேறெங்கும் சேமிக்காத பிள்ளைகள் அவற்றை இழந்தார்கள். கல்வி அமைச்சு அந்த ஆப்பையே எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்க முடிவெடுத்தது. தொலைந்த ஐபேடைக் காப்பாற்றுவதற்கென்று வைத்த அதே அழிப்பு வசதி, தவறான கையில் போனபோது ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கான ஐபேட்களைக் காலி செய்தது.

இதற்கு முன் 2021 ஜூலை 2-ல் கசேயா நிறுவனத்தின் நிர்வாகக் கருவி வழியாக, கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பரவியது. கணினிகளைத் தொலைவிலிருந்து பராமரிக்கும் சேவை நிறுவனங்கள் பயன்படுத்திய கருவி அது. அந்த ஒரே வாசல் வழியாக உலகெங்கும் 1,500 வரையிலான தொழில்கள் பாதிக்கப்பட்டன. ஸ்வீடனில் கூப் பலசரக்குச் சங்கிலி, பணம் வாங்கும் இயந்திரங்கள் முடங்கியதால் நூற்றுக்கணக்கான கடைகளை மூடியது.

பகைவர் யாரும் இல்லாமலும் இப்படி நடக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான ஓர் அப்டேட், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையில் நிறுத்தியது. கிரவுட்ஸ்ட்ரைக் நிர்வாகத் தளம் அல்ல, பாதுகாப்பு மென்பொருள். ஆனாலும், ஒரே இடத்திலிருந்து எல்லா மெஷின்களுக்கும் ஒரே நேரத்தில் போவதன் விளைவை அது காட்டியது. பெங்களூரு விமான நிலையத்திலும் செக்-இன் கையால் நடந்தது. சரிசெய்ய ஒவ்வொரு மெஷினையும் சேஃப் மோடில் திறந்து ஒரு ஃபைலை நீக்க வேண்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால், அதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தட்டச்சு செய்ய வேண்டும். சாவிகளைத் தளத்தில் சேமித்து வைத்திருந்த இடங்களில் அட்மின்கள் அவற்றைப் பார்த்துப் படித்துச் சொல்ல முடிந்தது. சாவி இல்லாதவர்கள் மெஷினை அழித்து மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. மையமாக வைத்திருந்ததால் வந்த தீமையும், மையமாக வைத்திருந்ததால் வந்த காப்பும் ஒரே நாளில் தெரிந்தன.

இதற்காகப் பழையபடி எக்ஸெல் ஷீட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை. அதிகாரத்துக்கு வேலி போட வேண்டும் என்கிறேன். எந்த மாற்றத்தையும் முதலில் ஐ.டி. டீமின் சொந்த லேப்டாப்புகளுக்கும், அடுத்து ஒரு சிறு குழுவுக்கும், பிரச்சினை இல்லையென்று தெரிந்த பிறகே மற்றவர்களுக்கும் அனுப்ப வேண்டும். முழு அதிகாரம் உள்ள அட்மின் கணக்குகளை விரல்விட்டு எண்ணும் அளவில் வைக்க வேண்டும், அவற்றில் தினசரி மெயில் பார்க்கக் கூடாது. அழிப்பு போன்ற கட்டளைகளை ஒருவர் கொடுத்தால் இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்று அமைக்கும் வசதி இன்டியூனில் இருக்கிறது. கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும் என்பதற்காக அதைப் போடாமல் விடுவது பெரிய தவறு. அட்மின் தளத்துக்குள் நடப்பவற்றின் பதிவுகளையும் வைத்திருக்க வேண்டும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள்களுக்குச் சேமிக்க வேண்டும்.

நம் போனில் அவர்களுக்கு என்ன தெரியும்?

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பதில், போன் யாருடையது, எந்த முறையில் பதிவு செய்தீர்கள் என்ற இரண்டையும் பொறுத்தது.

சொந்த ஆண்ட்ராய்டு போன் என்றால், பொதுவாக அதில் ‘ஒர்க் புரொஃபைல்’ என்ற தனிப் பகுதி உருவாகும். 2014-ல் ஆண்ட்ராய்டு 5-உடன் வந்த வசதி இது. ஆபீஸ் ஆப்களின் ஐகான் ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டிச் சின்னம் இருக்கும். ஒரே வீட்டில் தனி வாசலும் தனிப் பூட்டும் வைத்து ஓர் அறையை வாடகைக்கு விட்டது போலத்தான். கம்பெனிக்கு அந்த அறைக்குள் மட்டுமே அனுமதி. உங்கள் வாட்ஸ்அப், போட்டோ, எஸ்.எம்.எஸ்., நீங்கள் சொந்தமாகப் போட்ட ஆப்களின் பட்டியல் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. போனின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு போன்றவை தெரியும். ஆண்ட்ராய்டு 12-லிருந்து சொந்த போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக்கூடக் கம்பெனியால் எடுக்க முடியாது. அவர்கள் அழித்தால் அந்தப் பகுதி மட்டும்தான் போகும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதை நீங்களே இடைநிறுத்தி வைக்கலாம், ஆபீஸ் நோட்டிஃபிகேஷன் எதுவும் வராது. இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

ஐபோனில் இதற்கு இணையான பயனர் பதிவு முறை 2019-ல் ஐ.ஓ.எஸ். 13-உடன் வந்தது. அந்த முறையில் முழு போனையும் கம்பெனியால் அழிக்க முடியாது. ஆனால், சொந்த ஐபோனைப் பழைய முழுக்கருவிப் பதிவில் சேர்க்கும் கம்பெனிகளும் உண்டு. அதில் நீங்கள் போட்டிருக்கும் ஆப்களின் பட்டியலை அவர்கள் பார்க்கலாம், முழு போனையும் அழிக்கலாம். அப்போதும் வாட்ஸ்அப் உரையாடலையோ போட்டோவையோ இந்த வழியில் படிக்க முடியாது. உங்களுடையது எந்த வகை என்று பார்க்க, செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குள் ‘வி.பி.என். அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் புரொஃபைலைத் தொட்டு, அதற்கு என்னென்ன உரிமை என்று படியுங்கள்.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது, அதைத்தான் நான் ஊழியர்களைக் கேட்கச் சொல்வேன். போனையே பதிவு செய்யாமல், ஆபீஸ் ஆப்களுக்கு மட்டும் பாதுகாப்புப் போடும் முறை அது. அவுட்லுக்கைத் திறக்கத் தனி பின் கேட்கும், அதிலிருந்து காப்பி செய்ததை வாட்ஸ்அப்பில் ஒட்ட விடாது. போன் முழுக்க உங்கள் கையிலேயே இருக்கும். மெயிலும் டீம்ஸும் மட்டும் பார்ப்பவருக்கு இதுவே போதும்.

கம்பெனி கொடுத்த லேப்டாப்பின் கதை வேறு. அது அவர்களுடையது. அதில் என்ன ஆப் இருக்கிறது என்று மட்டுமில்லாமல், நெட்வொர்க் வழியாக எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதையும் பார்க்கும் கருவிகள் இருக்கலாம், திரையைப் பதிவுசெய்யும் தனி மென்பொருள் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அதில் வாட்ஸ்அப் வெப், வங்கிக் கணக்கு, குழந்தைகளின் போட்டோ எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டம் எவ்வளவு துணைக்கு வரும்? பெங்களூருவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. அதன் தொடர்ச்சியாக வந்த 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்தும் ரகசியத் திருட்டிலிருந்தும் காப்பதற்கும் ஊழியரின் சம்மதம் இல்லாமலேயே அவர் தரவைக் கையாள இடம் கொடுக்கிறது. ஆகவே, வேலையில் சேரும்போது கையெழுத்திடும் சாதனப் பயன்பாட்டுக் கொள்கையைப் படித்தே ஆக வேண்டும். எதைப் பார்ப்பார்கள், எதை அழிப்பார்கள், வேலையை விட்ட பிறகு பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று அதில் இல்லையென்றால் ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் வரும்.

கடைசியாக, எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் வாங்குபவர்களுக்கு ஒன்று. கம்பெனிகள் கழித்துவிட்ட மெஷின்கள் அங்கே நிறைய வருகின்றன. விண்டோஸ் லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோபைலட் சேவையிலும், மேக்புக்கை ஆப்பிள் பிசினஸ் மேனேஜரிலும் பதிவு செய்த கம்பெனி, விற்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்திருந்தால், நீங்கள் எத்தனை முறை அழித்து நிறுவினாலும் இணையத்தில் இணைந்ததும் அந்தக் கம்பெனியின் லாகின் திரையே வந்து நிற்கும். கடைக்காரரால் அதை நீக்க முடியாது, பழைய கம்பெனிதான் நீக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே முழுவதுமாக ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, யாருடைய பெயராவது வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.